ட்ரெயில்ஸ் தொடரை இப்போது தொடங்குவது: ஆகும் நேரமும் செலவும்

வாசகர் கேள்வி | 4 அக்டோபர் 2025

நிஹான் ஃபால்காம் நிறுவனத்தின் ட்ரெயில்ஸ் ஆர்.பி.ஜி. (கதைமாந்தராக நாமே ஆடும் விளையாட்டு) தொடரைப் பற்றி நண்பர்கள் சொல்லிச் சொல்லி எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரு விளையாட்டின் கதை அடுத்ததில் தொடர்கிறது, அதன் ஆட்கள் அதற்கும் அடுத்ததில் வருகிறார்கள், ஒவ்வொன்றும் நாற்பது ஐம்பது மணி நேரம் பிடிக்கும் என்கிறார்கள். வேலை முடிந்து வீட்டு வேலையும் முடிந்தபின் எனக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. இனிமேல் இதைத் தொடங்குவதில் பொருள் உண்டா? அல்லது பழையவற்றை விட்டுவிட்டுப் புதிதாக வந்ததிலேயே நுழைந்துவிடலாமா?

5 அக்டோபர் 2025

கணக்கை முதலில் மறைக்காமல் வைத்துவிடுகிறேன். ஒரே கதையுலகில், செமூரியா என்ற கண்டத்தில் நடக்கும் முதன்மை விளையாட்டுகள் 13. லிபெர்ல் அரசில் நடக்கும் 'ஸ்கை' மூன்று, கிராஸ்பெல் நகரில் நடக்கும் 'ஜீரோ', 'அஸ்யூர்' இரண்டு, எரெபோனியப் பேரரசில் நடக்கும் 'கோல்ட் ஸ்டீல்' நான்கு, இவற்றையெல்லாம் முடிச்சுப் போடும் 'ரெவரி' ஒன்று, கால்வார்ட் குடியரசில் நடக்கும் 'டேபிரேக்' இரண்டு, அதன் தொடர்ச்சியான 'ஹொரைசன்' ஒன்று. முதல் ஸ்கையை அவசரமில்லாமல் முடிக்க 40 மணி நேரம் ஆகும். நான்காம் கோல்ட் ஸ்டீல் 80ஐ நெருங்கும். மொத்தம் 600 மணி நேரத்துக்குக் குறையாது. நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு நாளும் தவறாமல் ஆடினாலும் இரண்டு ஆண்டுகளை ஒட்டி வரும். மலைப்பது இயல்புதான்.

ஆனால் இந்த மலை எப்படிச் சேர்ந்தது என்பதையும் பாருங்கள். முதல் ஸ்கை ஜப்பானில் விண்டோஸ் கணினிக்கு வந்தது 2004 ஜூனில். ஹொரைசன் அங்கே வந்தது 2024 செப்டம்பரில். 20 ஆண்டுகளில் 13 என்றால் ஒன்றரை ஆண்டுக்கு ஒன்று. ஜப்பானிய ரசிகர் ஒருவர் பள்ளிக் காலத்தில் தொடங்கி, கல்லூரி போய், வேலைக்குச் சேர்ந்து, குடும்பமான பின்னும் ஒவ்வொன்றாக ஆடிக்கொண்டே வந்திருப்பார். அவருக்கு இது எந்த நாளிலும் 600 மணி நேரச் சுமையாக இருந்ததில்லை. இந்தக் கதை எழுதப்பட்டதே அந்த வேகத்தில் படிப்பவருக்காகத்தான். 20 ஆண்டு விளைச்சலும் ஒரே கடைப்பக்கத்தில் வரிசையாகக் கண்ணில் படுவதால்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: 13ஐத் தொடங்குவதாக நினைக்க வேண்டாம். முதல் ஸ்கையையும் அதன் நேர்த்தொடர்ச்சியான இரண்டாம் ஸ்கையையும் ஒரே கதையாகக் கொண்டு அதை மட்டும் தொடங்குங்கள். இரண்டும் சேர்ந்து 100 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாயகி எஸ்டெல், அவளோடு வளர்ந்த ஜோஷுவா இருவரின் கதை அங்கே முழுமை பெற்றுவிடுகிறது. அதன்பின் ஒன்றுமே ஆடாமல் விட்டாலும் அரைகுறையாக விட்ட உணர்வு வராது.

5 அக்டோபர் 2025, இரவு

செலவைப் பற்றி ஒரு சொல். இந்திய விலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி இருப்பதால் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் அமெரிக்க விலையில் சொல்கிறேன். பழைய ஸ்கை மூன்றும் சேர்ந்து 80 டாலர். ஜீரோ, அஸ்யூர், முதலிரண்டு கோல்ட் ஸ்டீல் ஒவ்வொன்றும் 40. அதன்பின் வந்தவை 60. எல்லாவற்றையும் முழு விலையில் வாங்கினால் 600 டாலரைத் தொடும். அப்படி யாரும் வாங்கக் கூடாது. பழையவை தள்ளுபடி நாட்களில் பாதி விலைக்கும் அதற்குக் கீழேயும் வந்துபோகின்றன. ஆடி முடிக்கும்வரை அடுத்ததை வாங்காமல் இருப்பதுதான் இந்தத் தொடரில் பணத்தைக் காக்கும் வழி, ஏனென்றால் நீங்கள் ஐந்தாவதை எட்டும்போது இன்று 60 டாலருக்கு விற்பது கண்டிப்பாக இறங்கியிருக்கும். தள்ளுபடியைப் பார்த்ததும் மொத்தமாக வாங்கி அடுக்கிவைத்துவிட்டு, முதல் ஸ்கையின் இரண்டாம் அத்தியாயத்தோடு நின்றுபோன பலரை எனக்குத் தெரியும். வாங்கிவைத்தது கடனைப் போல அவர்களை அழுத்தியதே தவிர, ஆட வைக்கவில்லை.

8 அக்டோபர் 2025

கோல்ட் ஸ்டீலில் தொடங்கினால் என்ன, படமும் புதிது, கதையும் புது நாட்டில் நடக்கிறது, தானும் அப்படித்தான் நுழைந்தேன் என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. முதல் கோல்ட் ஸ்டீல் 2013இல் வந்தபோது புதிய வீரர்களுக்கும் வாசல் திறக்கும்படிதான் அமைக்கப்பட்டது. இராணுவக் கல்விக் கழகம், புதிய வகுப்பு, புதிய நாயகன் ரீன். அதில் யாரும் திணற மாட்டார்கள். சிக்கல் வருவது இரண்டாவதன் இறுதிப் பகுதியில். அங்கே கிராஸ்பெல்லைச் சேர்ந்த இருவர் திடீரென நம் கைக்கு வருகிறார்கள். அவர்கள் யார், ஏன் அப்படிப் பேசுகிறார்கள், அந்த நகரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதெல்லாம் ஜீரோவையும் அஸ்யூரையும் ஆடியவருக்கே விளங்கும். மற்றவருக்கு அது யாரோ இருவர் வந்து மோதிவிட்டுப் போன காட்சி. மூன்றாவதிலும் நான்காவதிலும் இப்படிப்பட்ட இடங்கள் பெருகிக்கொண்டே போகும்.

மூன்றாவதன் முகப்புத் திரையிலேயே முன்கதைச் சுருக்கம் உண்டு. அதைப் படித்தால் யார் எவர் என்பது தெரியும், கதையைப் பின்தொடரவும் முடியும். ஆனால் 'இவர் இன்னார்' என்று தெரிந்திருப்பதும், அவரோடு 50 மணி நேரம் ஒரு நகரத்தின் தெருக்களில் நடந்திருப்பதும் ஒன்றாகாது. கோல்ட் ஸ்டீலில் தொடங்கியவர் தவறு செய்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டாவதை முடித்ததும் அங்கேயே நிறுத்தி, ஸ்கைக்கும் கிராஸ்பெல்லுக்கும் போய்வந்து மூன்றாவதைத் தொடுங்கள் என்றுதான் அவரிடமும் சொல்வேன்.

12 அக்டோபர் 2025

நேரத்தைப் பற்றி எழுதியதோடு என் மனம் அடங்கவில்லை. 40 மணி, 80 மணி என்று எழுதும்போது அந்த நேரம் எங்கே போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் கணக்கு வெறும் கணக்காக நின்றுவிடும்.

முதல் ஸ்கையின் இரண்டாம் அத்தியாயம் ரூவான் என்ற துறைமுக நகரில் நடக்கிறது. அருகில் ஓர் அநாதை இல்லம் தீக்கிரையாகிறது. அந்தக் குழந்தைகளோடு நெருக்கமான குளோ என்ற மாணவி படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா வருகிறது; அதில் போடும் நாடகத்தில் நடிக்க எஸ்டெலையும் ஜோஷுவாவையும் அழைக்கிறாள். கதையின் முக்கிய மர்மம் அப்படியே நிற்க, நாம் பள்ளிக்குள் போகிறோம். வகுப்பறைகளில் நுழைந்து மாணவர்களோடு பேசுகிறோம், விடுதியில் தங்குகிறோம், ஒத்திகை பார்க்கிறோம், விழாவன்று கடைகளைச் சுற்றுகிறோம், பிறகு திரை விலகி நாடகமே முழுதாக நடக்கிறது. அதில் பெண்கள் இருவரும் வீரர்களாக வாளேந்தி நிற்க, இளவரசி வேடத்தில் வருபவன் ஜோஷுவா. இவ்வளவு நேரமும் பெரிதாக ஒரு சண்டையும் இல்லை. பொறுமையில்லாதவர் இங்கேதான் விட்டுப் போகிறார். விடாமல் இருப்பவருக்கு எஸ்டெல் தன் மனத்தில் இருப்பது என்ன என்று தானே அறியத் தொடங்கும் இடம் இதுதான். விளையாட்டின் கடைசிக் காட்சி நம்மை அப்படிக் கலக்குவதற்கு அடித்தளம் இந்தப் பள்ளி நாட்களில் இடப்படுகிறது. இதை எட்டு நிமிடக் காணொளியாகச் சுருக்கினால் செய்தி கிடைக்கும், கலக்கம் கிடைக்காது.

ஊர் மக்களின் பேச்சும் அப்படித்தான். கதையில் ஒரு நிகழ்ச்சி நடந்து முடிந்தால் ஊரில் இருக்கும் பலருக்கும் பேச்சு மாறிவிடுகிறது. கதைக்கு ஒரு தொடர்பும் இல்லாத கடைக்காரர், வயதானவர், சண்டையிட்டுக்கொள்ளும் தம்பதி என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓடும் வாழ்க்கை உண்டு. ஆன்டன் என்ற இளைஞன் காதல் தேடி அலைவதை ஸ்கையில் பார்க்கலாம். கிராஸ்பெல்லுக்குப் போனால் அங்கேயும் தோழன் ரிக்கியோடு வந்து நிற்பான். அவனோடு பேசும் கட்டாயம் எதுவும் இல்லை. பேசிவந்தவருக்கு மட்டும், அந்நிய நகரத்தில் ஊர்க்காரனைக் கண்ட மகிழ்ச்சி.

13 அக்டோபர் 2025

டர்போ வசதியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. ஸ்கையின் கணினிப் பதிப்புகளிலும் அதன்பின் வந்தவற்றிலும் வேகத்தைக் கூட்டும் வசதி இருக்கிறது. ஏற்கனவே நடந்த பாதையில் திரும்பி நடக்கும்போதும், எளிய எதிரிகளோடு மோதும்போதும் அதை அழுத்திக்கொள்ளுங்கள். பல மணி நேரம் மிச்சமாகும். உரையாடல் வரும்போது விரலை எடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் ஆடினேன். ஒன்றையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

19 அக்டோபர் 2025

காத்திருப்பைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் இன்று தொடங்குபவருக்குத் தான் எவ்வளவு நல்ல நேரத்தில் வந்திருக்கிறோம் என்று தெரிவதில்லை.

முதல் ஸ்கை ஆங்கிலத்தில் எக்ஸ்சீட் நிறுவனத்தின் வழியாக பி.எஸ்.பி. கருவிக்கு வந்தது 2011இல், அதாவது ஜப்பானில் வந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து. கதை பாதியில், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் முடிகிறது. இரண்டாம் பாகமோ பி.எஸ்.பி.யில் இரண்டு வட்டுகளை நிரப்பிய அளவுக்குப் பெரியது. அதன் உரை முழுவதையும் மொழிபெயர்த்து, திருத்தி, சோதித்து வெளியிடுவதற்கு ஆகும் செலவை விற்பனை ஈடுகட்டுமா என்ற கேள்வி இருந்தது. கார்ப்பே ஃபுல்கர் என்ற சிறு நிறுவனத்தின் துணையோடு அது வெளிவரும் என்று 2013இல் அறிவித்தார்கள். கைக்கு வந்தது 2015 அக்டோபரில். முதல் பாகத்தை 2011இல் முடித்தவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்த முடிவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கிராஸ்பெல் கதைக்கு நேர்ந்தது இன்னும் வருத்தமானது. ஜீரோ ஜப்பானில் 2010இல் வந்தது. அதை விட்டுவிட்டு, 2013இல் வந்த கோல்ட் ஸ்டீல் 2015இலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. கிராஸ்பெல் இல்லாமல் கதை ஓட்டை விழுந்து கிடந்தபோது அதை அடைத்தவர்கள் ரசிகர்கள். ஜியோஃபிரண்ட் என்ற குழு ஜீரோவையும் அஸ்யூரையும் மொழிபெயர்த்து 2020, 2021 ஆண்டுகளில் இலவசமாகக் கொடுத்தது. அந்த உழைப்பை அடித்தளமாகக் கொண்டே என்.ஐ.எஸ். அமெரிக்கா அதிகாரப்பூர்வப் பதிப்புகளை 2022, 2023இல் வெளியிட்டது. சம்பளமில்லாமல், ஆதாயம் கருதாமல் இவ்வளவு பெரிய உரையைத் தூக்கிச் சுமந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

இன்று தொடங்குகிறவருக்கு இடைவெளி எதுவும் இல்லை. ஸ்கை முதல் இரண்டாம் டேபிரேக் வரை வரிசையாக 12ம் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. ஹொரைசன் 2026 ஜனவரியில் வருவதாக அறிவித்திருக்கிறார்கள். அவரவர் விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், விரும்பிய நாளில் தொடரலாம்.

26 அக்டோபர் 2025

சுருக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் புதியதில் நுழைவதைப் பற்றி மேலே இரண்டு இடத்தில் தொட்டுவிட்டுப் போனேன். ஒருவரைக் கொண்டு விளக்குகிறேன். கதையின் திருப்பங்களைக் கெடுக்காத அளவுக்கு மட்டும்.

ரென் என்ற சிறுமியை முதலில் இரண்டாம் ஸ்கையில் சந்திக்கிறோம். மூன்றாம் ஸ்கையில் அவளுடைய பழைய வாழ்க்கையின் ஒரு கதவு திறக்கிறது. படிப்பதற்கே கடினமான பகுதி அது, நான் விளையாட்டை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளைத் தேடிக்கொண்டு எஸ்டெலும் ஜோஷுவாவும் ஜீரோவில் கிராஸ்பெல்லுக்கு வருகிறார்கள். அங்கே ஒரு வீட்டில், ஒருவர் தன் கடந்த காலத்தைச் சொல்ல, இன்னொருவர் மறைவில் நின்று கேட்கும் காட்சி இருக்கிறது. திரையில் நடப்பது சில நிமிட உரையாடல்தான். ஸ்கை மூன்றையும் ஆடியவருக்கு அந்த ஒவ்வொரு வரியும் இரண்டு பொருளில் கேட்கும். ஆடாதவருக்கு ஓர் அறிமுகமில்லாத குடும்பத்தின் சோகம். பிறகு டேபிரேக்கில் அவள் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் மன்றத் தலைவியாக, நிமிர்ந்த நடையோடு வருகிறாள். கதைக்குள் கடந்தவை ஆறு ஆண்டுகள்கூட இல்லை; எழுதியவர்களுக்கும் ஜப்பானிய வாசகர்களுக்கும் இடையில் போனவை 15 ஆண்டுகள். இப்படி ஒரு குழந்தை வளர்வதை வேறு எந்த ஆர்.பி.ஜி. தொடரிலும் நான் பார்த்ததில்லை.

ஃபைனல் ஃபேன்டஸியும் டிராகன் குவெஸ்டும் இதைவிட மூத்தவை; 1980களிலிருந்து வருகின்றன. ஆனால் அவற்றின் எண்ணிட்ட விளையாட்டுகளில் பெரும்பாலானவை தனித்தனிக் கதைகள். ஏழாவதை ஆட ஆறாவது வேண்டியதில்லை. அவற்றின் வசதி அது. ட்ரெயில்ஸ் நம் நினைவையே கச்சாப்பொருளாக எடுத்துக்கொள்கிறது. கேட்கும் நேரமும் கொடுக்கும் நிறைவும் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றைக் குறைத்து மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை. அந்த நேரம் தன்னிடம் இல்லை என்று ஒருவர் முடிவு செய்தால் அதையும் நான் மதிக்கிறேன். பாதியை ஒதுக்கிவிட்டு மீதியில் முழுச் சுவையை எதிர்பார்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

27 அக்டோபர் 2025

நீண்ட இடைவெளி விட்டால் எல்லாம் மறந்துபோகாதா என்ற கேள்விக்கு. எனக்கு வேலை மாறிய காலத்தில் அஸ்யூருக்கும் முதல் கோல்ட் ஸ்டீலுக்கும் இடையில் பல மாதங்கள் ஓடிவிட்டன. ஆயுத அமைப்பும் குவார்ட்ஸ் (ஆட்களுக்குச் சக்தி தரும் கற்கள்) பொருத்தும் முறையும் மறந்திருந்தன; ஒவ்வொரு விளையாட்டும் அவற்றைப் புதிதாகக் கற்றுத்தருவதால் அதனால் குறையில்லை. மனிதர்கள் மறக்கவில்லை. ஒரு அத்தியாயத்தின் நடுவில் விட்டுப் போவதை மட்டும் தவிருங்கள். ஊர் மாறும் இடத்தில் நிறுத்தினால் திரும்பி வருவது எளிது. நினைத்த இடத்தில் சேவ் செய்துகொள்ளலாம் என்பதால் நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடுபவருக்கும் இடைஞ்சல் இல்லை. சேவ் ஃபைல் தொலைந்துவிட்டாலும் கலங்க வேண்டாம். முந்தைய விளையாட்டின் சேவ் இருந்தால் சில சலுகைகள் கிடைக்கும். கதை அதனால் மாறுவதில்லை.

2 நவம்பர் 2025

பழைய ஸ்கையா, மறுவார்ப்பா?

இந்த ஆண்டு செப்டம்பரில் முதல் ஸ்கை முழு முப்பரிமாணத்தில் புதிதாக வந்திருக்கிறது. ஜப்பானிலும் பிற நாடுகளிலும் ஒரே நாளில் வந்தது என்பதே, மேலே எழுதிய காத்திருப்பின் வரலாற்றை அறிந்தவர்களுக்குப் பெரிய செய்தி. இதுவரை ஸ்கை மூன்றையும் ஆங்கிலத்தில் முழுமையாக ஆட கணினி கட்டாயம். மூன்றாவது ஆங்கிலத்தில் கணினிக்கு மட்டுமே வந்தது. பிளேஸ்டேஷன் 5, ஸ்விட்ச் மட்டும் வைத்திருப்பவர் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே தொடங்க இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது. முன்னுரைப் பகுதி முழுவதும் இலவச டெமோவாகக் கிடைக்கிறது. அதன் சேவ் ஃபைல் முழு விளையாட்டில் செல்லுபடியாகும். கேள்வி கேட்டவர் இன்றிரவே ஒரு ரூபாய் செலவில்லாமல் ரோலென்ட் ஊரில் எஸ்டெலின் பிரேசர் (மக்களைக் காத்து, அவர்கள் கேட்கும் வேலைகளைச் செய்பவர்) தேர்வை ஆடிப் பார்க்கலாம். அந்தச் சில மணி நேரத்தில் இந்தத் தொடரின் நடை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். முன்னுரை மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவே பிடித்துப்போனால் மீதியும் பிடிக்கும்.

விலை 60 டாலர். பழையது 20. பழைய கணினியோ சாதாரண மடிக்கணினியோ வைத்திருப்பவருக்குப் பழைய பதிப்பு தடையின்றி ஓடும். நான் ஆடியது அதைத்தான், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில். கதையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. சண்டை முறை புதியதில் வேகமானது, படம் கண்ணுக்கு இதம், ஊர்கள் அருகில் நின்று பார்க்கும்படி இருக்கின்றன. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் புதியது. கணக்குப் பார்ப்பவர் என்றால் பழையது. எதை எடுத்தாலும் குறைபட்ட தொடக்கம் ஆகாது.

மறைந்திருக்கும் புத்தகங்களையும் வேலைகளையும் ஒன்று விடாமல் சேர்க்க வேண்டுமே என்ற கவலையில் பக்கத்தில் வழிகாட்டியைத் திறந்துவைத்து ஆடுகிறவர்களுக்கும் ஒன்று. பழைய முதல் ஸ்கையில் 'கார்னீலியா' என்ற நாவலின் அத்தியாயங்கள் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட ஆளிடம் மட்டுமே கிடைக்கும். தவறவிட்டால் அந்த ஆட்டத்தில் மறுபடி வராது. அதற்காக ஒவ்வொரு அடியையும் பட்டியலோடு ஒப்பிட்டு ஆடினால் 40 மணி நேரம் 60 ஆகும், பேச்சைக் கேட்கும் காதும் மூடிக்கொள்ளும். தவறினால் தவறட்டும்.

9 நவம்பர் 2025

கேள்வி கேட்ட வாசகர் டெமோவை முடித்துவிட்டதாகவும், முழு விளையாட்டையும் வாங்கியதாகவும், இப்போது போஸ் நகரத்தில் காணாமல்போன விமானத்தைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. அவருடைய புதுக் கேள்வி: மறுவார்ப்பின் இரண்டாம் பாகம் 2026இல் வரப்போகிறது, முதலாவதை முடித்தபின் அதுவரை பொறுப்பதா, பழைய இரண்டாம் பாகத்துக்குப் போய்விடுவதா?

நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடும் உங்களுக்கு முதலாவதே டிசம்பர் வரை வரும். அதன் முடிவைப் பார்த்துவிட்டுப் பொறுக்க முடிந்தால் பொறுத்திருங்கள். 2004இல் முடித்த ஜப்பானியர்கள் 2006 மார்ச் வரை பொறுத்தார்கள். முடியாது என்றால் பழைய இரண்டாம் பாகம் 30 டாலர், தள்ளுபடியில் இன்னும் குறைவு, கதை விட்ட இடத்திலிருந்தே தொடரும். மறுவார்ப்பின் சேவ் ஃபைல் அங்கே செல்லாது, அவ்வளவுதான்.

மூன்றாம் ஸ்கையை மட்டும் தாண்டிவிடாதீர்கள். எஸ்டெல் கதை முடிந்துவிட்டதே என்று பலர் அதை ஒதுக்குகிறார்கள். ரெனின் கதவு அதில்தான் இருக்கிறது.